குப்புறக் கிடக்கும் நாட்கள்

மார்ச் 4

கண்ணில் அறுவை சிகிச்சை முடிந்து, உள்ளே வாயுக் குமிழி வைத்திருக்கிறார்கள். முகம் தரையைப் பார்த்து இருக்க வேண்டும். தலையைத் தூக்கக் கூடாது. இதைக் கைப்பேசியிடம் வாயால் சொல்கிறேன், அது எழுதிக்கொள்கிறது. பிழை திருத்துவது தம்பியின் வேலை.

"பார்க்கவே முடியாது, அப்புறம் எதுக்குண்ணா யூடியூப்?" என்றான். கேட்கத்தான்.

மார்ச் 5

கேமிங் ஹிஸ்டோரியன், வீடியோ கேம்களின் வரலாறு சொல்லும் சேனல். அதை நடத்தும் நார்மன் கரூசோ 2018இல் போட்ட, கட்டைகள் விழும் டெட்ரிஸ் ஆட்டத்தின் வரலாறு, ஒரு மணி நேரம். பலமுறை பார்த்ததுதான், ஆனால் படமில்லாமல் கேட்பது இதுதான் முதல் தடவை. ஒன்றுமே குறையவில்லை. கேம் வெளியீட்டாளர் ஹெங்க் ரோஜர்ஸ் 1989இல் யாரும் கூப்பிடாமல் மாஸ்கோவுக்குப் போய், டெட்ரிஸ் உரிமையை வைத்திருந்த சோவியத் அரசு நிறுவனமான எலோர்க்கின் அலுவலகத்தில் நுழைகிறார். அங்கே இருப்பவர்களுக்கோ, தாங்கள் கொடுக்காத உரிமையை வைத்து வெளியே விற்பனை நடப்பதே அப்போதுதான் தெரிகிறது. அதற்குமேல் எல்லாம் ஒப்பந்தமும் கையெழுத்தும். கரூசோ குரலை உயர்த்துவதே இல்லை.

ஒரு காலத்தில் எனக்கு ஜேம்ஸ் ரோல்ஃப்தான் எல்லாம். கோபக்கார நெர்டு என்ற வேடத்தில் அவர் மோசமான பழைய கேம் கேட்ரிட்ஜைப் பார்த்துக் கத்துவதற்காகவே உட்கார்ந்திருப்பேன். இன்று போட்டேன், இரண்டு நிமிடம்கூடத் தாங்கவில்லை. அவர் மேல் குற்றமில்லை, கழுத்து வலிக்கிறது.

மார்ச் 6

தூக்கமில்லை. சொட்டு மருந்து, மறுபடி சொட்டு மருந்து.

மார்ச் 7

சம்மனிங் சால்ட் சேனல், சூப்பர் மாரியோ பிரதர்ஸ் ஆட்டத்தை மிக வேகமாக முடித்தவர்களின் சாதனை வரலாறு. இதை இருட்டில் கேட்கலாம் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். வரைபடம்தான் அவருடைய பலம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். இசை ஏறும்போதே யாரோ சாதனையை உடைக்கப் போகிறார்கள் என்று தெரிந்துவிடுகிறது.

21 ஃபிரேம் விதியை (ஃபிரேம் என்றால் திரையில் வந்துபோகும் ஒரு படம்) மனதுக்குள்ளேயே ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த கட்டத்துக்குப் போகலாமா என்று அந்த ஆட்டம் 21 ஃபிரேமுக்கு ஒருமுறைதான் பார்க்கிறது, அதாவது சுமார் 0.35 விநாடிக்கு ஒருமுறை. ஓட்டக்காரர்கள் இதைப் பேருந்து என்பார்கள். நிறுத்தத்துக்கு எவ்வளவு சீக்கிரம் ஓடி வந்தாலும் வண்டி அதன் நேரத்துக்குத்தான் கிளம்பும். ஐந்து ஃபிரேம் மிச்சம் பிடித்தும் ஒரு பயனும் இல்லாமல் போகலாம். கடைசிக் கட்டமான 8-4இல் மட்டும் இந்தக் கதை கிடையாது. கோடாரியைத் தொட்டதும் கடிகாரம் நின்றுவிடும்.

மருத்துவரும் இப்படித்தான். அடுத்த பரிசோதனைக்கு முன்னால் எதுவும் சொல்ல மாட்டாராம்.

மார்ச் 8

கோடு நேராகத் தெரியுமா?

மார்ச் 9

புள்ளிகளைத் தின்றுகொண்டே போகும் பேக்மேன் ஆட்டத்தின் 256ஆவது கட்டம். ரெட்ரோ கேம் மெக்கானிக்ஸ் எக்ஸ்ப்ளெயின்டு இதற்கென்றே ஒரு விளக்கம் வைத்திருக்கிறது. இந்தச் சேனலைக் கேட்டு மட்டும் புரிந்துகொள்ள முடியாது, எண்கள் திரையில்தான் நகரும். ஏற்கெனவே மனப்பாடம் என்பதால் தப்பித்தேன். கட்ட எண்ணுக்கு ஒரே ஒரு பைட். 255ஐத் தாண்டினால் பூஜ்யம். கீழே பழம் வரையும் நிரல் அந்தப் பூஜ்யத்தைப் பார்த்து ஏழு பழத்தோடு நிறுத்தாமல் 256 முறை வரைந்து தள்ளுகிறது. பழத்துக்கான படம் தீர்ந்ததும் நினைவகத்தில் அடுத்து என்ன இருக்கிறதோ அதெல்லாம் திரைக்கு வருகிறது. வலது பாதி முழுக்கக் குப்பை, இடது பாதி எப்போதும்போல் சுத்தம். சாப்பிடப் போதுமான புள்ளிகள் இல்லாததால் கட்டம் முடியாது.

கண் கெட்ட அன்று காலையில் எழுந்தபோது எனக்குத் தெரிந்ததும் ஏறக்குறைய இதேதான். இதைத் தம்பியிடம் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை.

மார்ச் 11

சோனிக் ஆட்டத்தின் அருவி நினைவிலிருந்து போகமாட்டேன் என்கிறது. 1991, செகாவின் மெகா டிரைவ் கேம் கருவி, முதல் மண்டலம். கிட்டே போய்ப் பார்த்தால் தண்ணீரே இல்லை. செங்குத்தான மெல்லிய கோடுகள், நடுநடுவே இடைவெளி, இடைவெளியில் பின்னணி. மஞ்சள் பிளக் போகிற காம்போசிட் இணைப்பில் பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் ஒன்றோடொன்று கலங்குவதால், கோடும் இடைவெளியும் சேர்ந்து ஊடுருவித் தெரியும் தண்ணீராகிவிடும். வரைந்தவர்கள் அந்தக் கலங்கலை நம்பித்தான் வரைந்தார்கள். நிறங்களைத் தனித்தனியாகக் கொண்டுபோகும் ஆர்ஜிபி கேபிள் போட்டால் அருவி கம்பிக் கதவாகிவிடுகிறது.

மை லைஃப் இன் கேமிங் சேனலின் ஆர்ஜிபி மாஸ்டர் கிளாஸ் தொடரைப் பார்த்துத்தான் நான் கேபிள் பைத்தியமானேன். கேபிள் பற்றி அவ்வளவு நிதானமாகப் பேச அவர்களால்தான் முடியும். இருந்தாலும் இந்த ஒரு விஷயத்தில் என் கட்சி மஞ்சள் பிளக்தான். சூப்பர் நிண்டெண்டோவுக்கு ஆர்ஜிபி, மெகா டிரைவுக்குக் காம்போசிட். சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம், படுத்துக்கொண்டே பதில் சொல்கிறேன்.

அது கிடக்கட்டும். நல்ல கண்ணில் கோடும் மற்றதில் தண்ணீரும் தெரிந்தால் என்ன செய்வது?

மார்ச் 12

இன்று எதுவும் கேட்கவில்லை. எல்லோருடைய குரலும் எரிச்சலாக இருந்தது, என்னுடையதும்.

மார்ச் 14

கேம்ஹட். டிராவலர்ஸ் டேல்ஸ் நிறுவனத்தைத் தொடங்கிய ஜான் பர்ட்டனே தன் பழைய நிரல்களைப் பிரித்துக் காட்டும் சேனல். "இதோ பாருங்கள்" என்று நொடிக்கொரு தரம் சொல்கிறார், எங்கே பார்ப்பது! ஆனாலும் சோனிக் 3டி கதைக்காக எதையும் மன்னிக்கலாம். ஓடிக்கொண்டிருக்கும்போது கேட்ரிட்ஜைத் தட்டினால் விரும்பிய கட்டத்துக்குத் தாவ விடும் ரகசியக் கட்டத்தேர்வு வரும். யாரோ விளையாட்டாக ஒளித்துவைத்த பரிசு என்றே நினைத்திருந்தோம். உண்மையில் அது பிழை தேடும் செகாவின் பரிசோதகர்களின் கண்ணை மறைக்கப் போட்ட திரை. ஆட்டம் எங்கே முறிந்து விழுந்தாலும் பிழைச் செய்தி காட்டாமல் அங்கே கொண்டுபோய் விடும்படி எழுதிவிட்டார். முறிவை யாரும் முறிவென்று எழுதிக்கொடுக்க முடியாது. அயோக்கியத்தனம்தான், ஆனால் என்ன ஒரு அயோக்கியத்தனம்.

சிரித்ததில் தலை தூக்கிவிட்டது. தம்பி திட்டினான்.

மார்ச் 17

உட்காரலாம். உட்கார்ந்தேன்!

மேலே மெல்லிய பட்டையாக வெளிச்சம், அதற்குக் கீழே வாயுக் குமிழியின் விளிம்பு. தலை அசைந்தால் அதுவும் தளும்புகிறது. பட்டை நாளுக்கு நாள் அகலுமாம்.

மார்ச் 18

கேம் சென்டர் சிஎக்ஸ். 2003 முதல் ஓடும் ஜப்பானியத் தொலைக்காட்சி நிகழ்ச்சி. நடுத்தர வயது நகைச்சுவையாளர் அரினோ நாள் முழுக்க ஒரே ஆட்டத்தில் தோற்றுக்கொண்டே இருப்பார். மொழி தெரியாது, கீழே வரும் எழுத்தைப் படிக்க முடியவில்லை. பட்டன் சத்தம், ஒரு பெருமூச்சு, மறுபடி பட்டன் சத்தம். முழுதும் கேட்டேன்.

மார்ச் 20

பரிசோதனை. கட்டம் போட்ட தாளைக் காட்டினார்கள். நடுவில் ஒரு புள்ளி. அதன் வலப்பக்கத்துக் கோடுகள் கொஞ்சம் வளைகின்றன. "கொஞ்சம்தானே" என்றார் மருத்துவர். கொஞ்சமா? எவ்வளவு நாளைக்கு? மாதங்கள் ஆகலாம், முழுசாகப் போகாமலும் இருக்கலாம். இதைச் சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்.

வீடு வந்ததும் டெட்ரிஸ் போட்டு, நல்ல கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன். நீளக் கட்டை நேராகத்தான் இறங்குகிறது, நடுவில் மட்டும் இடுப்பொடிந்தாற்போல் ஒரு நெளிவு. திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். தம்பி வந்து கைப்பேசியைப் பிடுங்கிக்கொண்டான்.

மார்ச் 21

பன்னென்கோக் என்ற யூடியூபர். சூப்பர் மாரியோ 64இன் கண்ணுக்குத் தெரியாத சுவர்கள் பற்றி 2024இல் போட்ட விளக்கம், மூன்றரை மணி நேரத்துக்கும் மேல். ஏற்ற இறக்கமில்லாத அந்தக் குரலுக்கு இப்போது நான் அடிமை. வெட்டவெளியில் மாரியோ எதிலோ முட்டி நிற்கிறான். ஏன் என்று கேட்டால், தரை என்றால் என்ன, கூரை என்றால் என்ன என்பதிலிருந்து ஆரம்பிக்கிறார். அவசரமே இல்லை. தம்பியும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான், திரையில் என்ன தெரிகிறது என்று அவன்தான் சொல்கிறான், பாதி தப்பாக. இரண்டாவது மணி நேரத்தில் நிறுத்தியிருக்கிறோம். மீதி நாளைக்கு.