அம்மா நேர்ந்துகொண்ட வாழைத்தார்

திருச்சி மலைக்கோட்டையில் மாணிக்க விநாயகரை வணங்கிப் படியேறினால், உச்சிப்பிள்ளையாருக்கு முன்பாகவே, மேற்கு நோக்கி அருளும் தாயுமானவர் சன்னதியை அடையலாம். என் மகளின் தலைப்பிரசவம் நல்லபடியாக நடக்க வேண்டுமென்று அம்மா இங்கே வாழைத்தார் நேர்ந்துகொண்டிருந்தார். கொள்ளுப்பேரனைக் காண்பதற்குள் அவர் காலமாகிவிட்டதால், முதலாண்டுத் திவசம் முடிந்த பிறகு நானும் மகளும் குழந்தையோடு அந்த நேர்த்திக்கடனைச் செலுத்தச் சென்றோம்.

பிரசவத் துணைக்குக் கிளம்பிய தாய் காவிரி வெள்ளத்தால் மறுகரையில் நின்றுவிட, வலியில் தவித்த இரத்தினாவதிக்கு அத்தாயின் உருவிலேயே சிவபெருமான் வந்து பேறு பார்த்தார் என்பது இத்தலத்தின் வரலாறு. ஆண்டுத் திருவிழாவில் இதனைச் 'செட்டிப்பெண் மருத்துவம்' என்று நடத்துகிறார்கள். அம்மா இக்கதையைச் சொல்லும்போது, வெள்ளம் வடியும்வரை சுவாமி அவ்வீட்டிலேயே தங்கியிருந்ததைத்தான் அழுத்திச் சொல்வார். "பிள்ளை பிறந்த பிறகு பெற்றவளைத் தேற்றுவதுதான் பெரும்பாடு; சுவாமி அதையும் தாமே செய்தார்" என்பார்.

அம்மாவின் வாழ்க்கையில் பெரும்பகுதி அந்தப் பணியிலேயே கழிந்தது. தம் பெண்களுக்கும் பேத்திகளுக்கும் மட்டுமல்லாமல், தாய்வீட்டுத் துணையில்லாத அக்கம்பக்கத்துப் பெண்களுக்கும் பத்தியம் சமைத்துக் கொடுத்து, காலை நீட்டியமர்ந்து பச்சிளங்குழந்தையைக் கால்மேல் கிடத்தி வெந்நீர் வார்த்து, சாம்பிராணிப் புகை காட்டித் தூங்கவைத்துவிட்டுத்தான் தம் வீட்டு அடுப்பைப் பற்றவைப்பார். அதற்காக எவரிடமும் எதையும் வாங்கிக்கொண்டதில்லை. பிற்காலத்தில் முழங்கால் வலி மிகுந்தபோதும், இந்தப் படிகளில் ஆங்காங்கே அமர்ந்து, "குன்றுடையானைக் கூறஎன் உள்ளம் குளிரும்மே" என்ற சம்பந்தர் தேவாரத்தைச் சொல்லிக்கொண்டே ஏறிவிடுவார்.

அன்று குருக்கள் அர்ச்சனைக்குப் பெயர் கேட்டார். வாயில் வந்த அம்மாவின் பெயரை அடக்கிக்கொண்டு, மகளின் பெயரையும் குழந்தையின் பெயரையும் நட்சத்திரத்தோடு சொன்னேன். கருவறையில் தீபாராதனை காட்டியபோது, தாயும் ஆனவர் என்று எத்தனையோ முறை வழிபட்ட அந்த இறைவனிடம், என் தாயை இனி நீரே வைத்துக்கொள்ளும் என்பதைத் தவிர வேறொன்றும் வேண்டத் தோன்றவில்லை. மகள் குழந்தையின் கைகளைக் குவித்து வணங்கச் செய்தாள். பிறகு மட்டுவார்குழலம்மை சன்னதிக்குச் சென்றோம்.

படைத்த தாரிலிருந்து பழங்களை அடியவர்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தபோது, நிறைமாதக் கர்ப்பிணியான தம் மகளுக்கென்று ஓர் அம்மையார் கேட்டு வாங்கிக்கொண்டார். பேச்சு பிரசவ லேகியத்தின் பக்கம் திரும்பியது. சுக்கு, திப்பிலி, ஓமம் ஆகியவற்றைத் தனித்தனியாக வறுத்துப் பொடித்துச் சலித்து, வெல்லப்பாகில் சேர்த்து, நெய்யும் நல்லெண்ணெயும் விட்டுச் சுருளக் கிளற வேண்டுமென்று அம்மாவின் பக்குவத்தை நான் சொல்ல, அவர் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொல்லி மனத்தில் பதித்துக்கொண்டார்.