சமதரை இல்லாத ஊரில் கிளச் மாற்றுவது

திருச்சியிலிருந்து கல்யாணம் கட்டிக்கொண்டு இலங்கை மலையகத்தில் இருக்கும் ஹட்டனுக்குக் குடிவந்தவன் நான். பெண்தான் புகுந்த வீட்டுக்குப் போவாள் என்பது வழக்கம். எங்கள் விஷயத்தில் மாப்பிள்ளை போய்விட்டான். ஆனாலும் முழுக்க அந்நியம் என்று சொல்ல முடியாது. 1964 இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று மலையகத்து ஜனங்களைப் பிரித்துக்கொண்டார்களே, அதில்தான் எங்கள் தாத்தா குடும்பம் தலைமன்னாரில் கப்பலேறியது. அவருடைய தங்கை குடும்பம் ஹட்டனுக்குப் பக்கத்து டிக்கோயாவில் தங்கிவிட்டது. கடிதப் போக்குவரத்து நிற்காததால் உறவும் அறுந்துபோகவில்லை. அந்தத் தங்கையின் மகன்தான் என் மாமனார். தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்தை உருட்டும் ரோலர் போன்ற இயந்திரங்களைக் கழற்றிப் பூட்டும் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர்.

சாப்பாடு, பேச்சு, கோயில், திருவிழா எதுவும் எனக்குப் புதிதாகப் படவில்லை. சாலைதான் புதிது. கடல் மட்டத்தில் கிடக்கும் கொழும்பிலிருந்து அவிசாவளை வழியாக வந்தால் கினிகத்தேனைக்குப் பிறகு வளைவுக்கு மேல் வளைவு. ஹட்டனுக்கு வந்து சேரும்போது 1,200 மீற்றருக்கு மேல் ஏறியிருப்போம். முன்னால் கொழுந்து லொறி ஒன்று உறுமிக்கொண்டு போகும், எதிரே தனியார் பஸ் எமன் மாதிரி வரும். நடுச்சரிவில் நின்று, மறுபடி கிளப்பி, மறுபடி நிற்க வேண்டும். எஞ்சினையும் கியர்பாக்ஸையும் சேர்த்துப் பிரிக்கும் கிளச்சைத் தின்பதற்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. கிளச் பெடலைப் பாதி மட்டும் விட்டு, அரைக் கிளச்சில் வண்டியைப் பிடித்து நிறுத்தும் ஒவ்வொரு தடவையும் பிளேட் உராய்ந்து சூடேறுகிறது. ஹேண்ட் பிரேக்கில் நிறுத்திக் கிளப்புவதுதான் முறை. இறக்கத்துக்கு மாமா வேறொரு விதி வைத்திருக்கிறார்: "ஏறுற கியர்லதான் எறங்கணும், மாப்பிள்ளை. பிரேக்கை நம்பி எறங்குறவன் பள்ளத்துலதான் நிப்பான்."

எங்கள் வண்டி மாருதி 800. 1983 இல் வெளிவரத் தொடங்கி, 2014 ஜனவரியில் உற்பத்தி நின்றுபோனது. எங்களிடம் இருக்கும் வண்டியின் வயதுக்குத் திருச்சியில் என்றால் பேரீச்சம்பழத்துக்குத்தான் போட்டிருப்பார்கள். இங்கே அப்படியில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்திவிட்டார்கள். தனியார் கார்களுக்கு வழி திறக்க 2025 ஆகிவிட்டது. அதுவரை ஓட்டை உடைசலுக்கெல்லாம் தங்க விலை. நாங்கள் வாங்கியது அந்தக் காலத்தில்தான். வாங்கும்போதே கிளச் பாதி போயிருந்தது என்பது மாமாவின் கணிப்பு.

கிளச் போய்விட்டதைக் கண்டுபிடிக்கப் பெரிய வித்தை தேவையில்லை. ஏற்றத்தில் மிதித்தால் எஞ்சின் சத்தம் ஏறும், வண்டி ஏறாது. கூடவே கருகல் நாற்றம். இன்னும் சந்தேகம் இருந்தால் சமதரையில் ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் பிடித்து, மூன்றாம் கியரைப் போட்டுக் கிளச்சை மெல்ல விட வேண்டும். நல்ல கிளச் என்றால் எஞ்சின் பட்டென்று அணையும். எங்களுடையது அணையாமல் உறுமிக்கொண்டே நின்றது.

கராஜில் விட்டிருக்கலாம். அங்கே சொன்ன கூலியைக் கேட்டதும் மாமா, "நாப்பது வருசம் ரோலர் கழட்டுன கை, இதைக் கழட்டாதா?" என்று கிளம்பிவிட்டார். கொழும்பில் கடையில் வேலை செய்யும் மச்சினன் அங்கே வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைக்குப் போய் பிரஷர் பிளேட், கிளச் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் வாங்கிக்கொண்டு பொங்கல் லீவுக்கு வந்தான். வைகாசி வரை தள்ளிப்போட முடியாது. தென்மேற்குப் பருவமழை பிடித்துவிட்டால் இந்தப் பக்கம் வண்டிக்கு அடியில் யாரும் படுக்க முடியாது. நாட்டிலேயே அதிகம் மழை கொட்டும் இடங்களில் ஒன்றான வட்டவளை எங்களுக்குப் பக்கத்து ஊர்தான்.

உண்மையான சிக்கல் கியர்பாக்ஸில் இல்லை, தரையில் இருந்தது. மலையில் சமமான இடம் என்று எதுவும் கிடையாது. வீடு சரிவில், வாசல் சரிவில், ஏன், துணி காயப்போடும் கொடி கூடச் சரிவில்தான் நிற்கிறது. ஜாக்கி வைத்த கார் சரிவில் உருண்டால் அடியில் இருப்பவன் கதி அவ்வளவுதான். கடைசியில் வீட்டுக்குப் பின்னால் பீட்ரூட் போட்டிருந்த பாத்தியை வெட்டிச் சமப்படுத்திக் கருங்கல் பரப்பினோம். மாமிக்கு அதில் இன்னும் வருத்தம். சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஜாக்கியை மட்டும் நம்பாமல் இரண்டு பக்கமும் இரும்பு ஸ்டாண்ட் வைத்து, பழைய டயர்களையும் அடியில் தள்ளிய பிறகுதான் மாமா என்னைப் படுக்க விட்டார்.

பேட்டரி வயர், கிளச் கேபிள், ஸ்டார்ட்டர், கியர் ராட் எல்லாம் கழன்றன. கியர் ஒயிலை வடித்து டிரைவ் ஷாப்ட்களை உருவினோம். கியர்பாக்ஸை எடுத்தால் எஞ்சின் ஒரு பக்கம் தொங்கிவிடும். அதற்காக பானட்டுக்குக் குறுக்கே டர்பன்டைன் மரக்கட்டையைப் போட்டுச் சங்கிலியில் எஞ்சினைக் கட்டியிருந்தோம். பக்கத்து வீட்டு அண்ணன் வந்து கைகொடுத்தார், அவரைப் பார்த்து இன்னும் நாலு பேர் வந்தார்கள். பிளேன் டீ வந்துகொண்டே இருந்தது. ஆளுக்கொரு அபிப்பிராயம் சொன்னார்கள். பாதி உபயோகமாகவும் இருந்தது.

திறந்து பார்த்தால் பிளேட்டில் ரிவிட் தலைகள் தெரிய ஆரம்பித்திருந்தன. உள்ளே கரித்தூள். மச்சினன் ஊதப் போனான், மாமா அதட்டினார். பழைய கிளச் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், நுரையீரலுக்கு ஆகாது. ஈரத்துணியால்தான் துடைத்தோம். அப்புறம் கவனித்தால் எஞ்சின் ஒயில் வெளியே வராமல் தடுக்கும் கிராங்க் சீலில் லேசாகக் கசிவு. அதை அப்படியே விட்டு மூடியிருந்தால் புது பிளேட்டும் எண்ணெயில் ஊறி வழுக்கியிருக்கும். சீல் ஹட்டனிலேயே கிடைத்தது. இவ்வளவு கழற்றிய பிறகு சின்னச் சாமானில் கஞ்சத்தனம் பார்க்கக் கூடாது.

பூட்டும்போது பிளேட் நடுவில் உட்காராவிட்டால் கியர்பாக்ஸின் ஷாப்ட் உள்ளே நுழையவே நுழையாது. அதற்கென்று விற்கும் கருவி எங்களிடம் இல்லை. மாமா விளக்குமாற்றுக் கட்டையைச் செதுக்கி டேப் சுற்றிச் சரியான கனத்துக்குக் கொண்டுவந்தார். தொழிற்சாலையில் பழகிய கை என்பது அங்கேதான் தெரிந்தது. பிரஷர் பிளேட் போல்ட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கச் சொன்னார். ஒரு பக்கமாக இறுக்கினால் தட்டு கோணிவிடும்.

கேபிளில் கொஞ்சம் தளர்வு விட்டு வைத்தோம். அது இல்லாவிட்டால் பேரிங் எந்நேரமும் அழுந்திக்கொண்டே இருக்கும். மறுபடி அதே சோதனை: ஹேண்ட் பிரேக், மூன்றாம் கியர். எஞ்சின் பட்டென்று அணைந்தது.

புது பிளேட் படியும்வரை சில நூறு கிலோமீற்றருக்குப் பாரம் ஏற்றாமல் ஓட்ட வேண்டும் என்றேன். மாமி கேட்கிற மாதிரி இல்லை. சிவனொளிபாதமலை யாத்திரை சீசன் தொடங்கிவிட்டது, அடுத்த போயாவுக்கு, அதாவது பௌர்ணமி விடுமுறைக்கு, மலையடிவாரத்து நல்லதண்ணிக்குப் போயே ஆக வேண்டுமாம், அதுவும் குடும்பத்தோடு இந்த வண்டியிலேயே. பேசிப் பேசி, சித்தப்பாவும் சாப்பாட்டுப் பெட்டியும் மஸ்கெலியா பஸ்ஸில் வருவது என்று முடிவாயிற்று.