கண்மாயில் தாமரை இல்லை

12 அக்டோபர் 2025, மதுரை

ஏழாம் வகுப்பில் படிக்கும் மகளின் தமிழ்க் கட்டுரை நோட்டை இன்று புரட்டினேன். ஊர் நீர்நிலையைப் பற்றி ஒன்றரைப் பக்கம் பிழையின்றி எழுதியிருந்தாள். ஆசிரியை சிவப்பு மையில் ‘மிக நன்று’ என்று குறித்திருந்தார். அந்தக் கட்டுரையில் தாமரை பூத்திருந்தது, அன்னம் நீந்தியது. விடுமுறைதோறும் அவள் போய்வரும் எங்கள் ஊர்க் கண்மாயிலோ கரையெங்கும் சீமைக்கருவேலமும் நீரெங்கும் ஆகாயத்தாமரையுமே மண்டிக் கிடக்கின்றன. கேட்டதும், என் கைப்பேசியில் சாட்ஜிபிடி என்னும் செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டு எழுதியதாக மறைக்காமல் சொன்னாள்.

13 அக்டோபர்

சாட்ஜிபிடி பதின்மூன்று வயது நிரம்பாதவர்களுக்கு உரியதல்ல என்றும், பதினெட்டுக்கு உட்பட்டவர்கள் பெற்றோரின் அனுமதியோடுதான் பயன்படுத்த வேண்டும் என்றும் அதை நடத்தும் ஓபன்ஏஐ நிறுவனத்தின் விதியே கூறுகிறது. மகளுக்கு வயது பன்னிரண்டு. கைப்பேசியும் கணக்கும் என்னுடையவை என்பதால், அவளைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை.

1 நவம்பர்

2026-27 கல்வியாண்டு முதல் மூன்றாம் வகுப்பிலிருந்தே செயற்கை நுண்ணறிவைப் பாடமாக்கப் போவதாக ஒன்றிய கல்வி அமைச்சகம் அறிவித்திருக்கிறது.

8 நவம்பர்

பள்ளியில் பெற்றோர் கூட்டம். பிள்ளைகள் சாட்ஜிபிடியைப் பயன்படுத்துவதை முழுமையாகத் தடைசெய்ய வேண்டும் என்று சிலர் வற்புறுத்தினார்கள். நானும் அந்த எண்ணத்தோடுதான் போயிருந்தேன். அப்போது சரக்கு ஆட்டோ ஓட்டும் ஒருவர் எழுந்து, டியூஷனுக்குப் பணம் கட்டத் தமக்கு வழியில்லை என்றும், இரவு பத்து மணிக்கு மகன் பின்னக் கணக்கில் திணறும்போது சலிக்காமல் நான்கு முறை விளக்குவது அந்தச் செயலி மட்டும்தான் என்றும் சொன்னார். அவருக்கு யாராலும் பதில் சொல்ல முடியவில்லை. நியூயார்க் நகரப் பள்ளிகள் 2023 ஜனவரியில் சாட்ஜிபிடியைத் தடுத்துவிட்டு, மே மாதத்திலேயே அத்தடையை விலக்கிக்கொண்டது எனக்கு நினைவுக்கு வந்தது. புரியாத கணக்கை விளக்கிக் கேட்பதும், தான் கண்ணால் கண்டதை எழுதும் வேலையை அதனிடம் ஒப்படைப்பதும் ஒன்றல்ல. முன்னதை, பெரியவர் ஒருவர் உடனிருந்தால், ஏற்கலாம் என்றே இப்போது கருதுகிறேன். பதினெட்டு வயதுக்கு உட்பட்டவரின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம். எந்தச் செயலியை வகுப்பில் கொண்டுவந்தாலும் முதலில் எங்களைக் கேட்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

9 நவம்பர்

மகள் கட்டுரையைத் தானே மறுபடியும் எழுதினாள். அரைப் பக்கம்தான் வந்தது; அதற்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. “எங்கள் கம்மாயில் தாமரை இல்லை. தாத்தா சின்ன வயதில் பார்த்திருக்கிறாராம்” என்று தொடங்கியிருந்தாள். ‘கம்மாய்’ என்பதை நான் திருத்தவில்லை. நாளை ஆசிரியையிடம் அப்படியே காட்டச் சொல்லியிருக்கிறேன்.