முதலில் தேதியைப் பார்

பிறருடைய கடிதங்களைப் படிப்பதே பல ஆண்டுகள் என் தொழிலாக இருந்தது. சென்னையில் இருந்தபடி அமெரிக்க, பிரிட்டன் வழக்கறிஞர்களுக்காக வழக்கு ஆவணங்களைப் படித்துப் பிரித்துக் கொடுக்கும் நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்தேன். ஒரு தரப்பு தன் மின்னஞ்சல்களை எதிர்த்தரப்பிடம் ஒப்படைக்க வேண்டிய கட்டம் வரும்போது, அந்த மடல்கள் லட்சக்கணக்கில் எங்கள் திரைக்கு வந்து சேரும். வழக்கோடு தொடர்புடையது, தொடர்பில்லாதது, வழக்கறிஞரோடு பேசியது என்பதால் காட்டக் கூடாதது என்று ஒவ்வொன்றுக்கும் ‘டேக்’ போட வேண்டும்.

சேர்ந்த முதல் வாரத்தில், உலகறிந்த ஒருவரின் பெயர் ஒரு மடலில் இருப்பதைப் பார்த்துவிட்டுப் பரபரப்போடு டீம் லீடைக் கூப்பிட்டேன். என்னைவிடப் பதினைந்து வயது மூத்த பெண்மணி அவர். திரையை ஒரு கணம் பார்த்துவிட்டு, “பேரைப் பார்த்து மிரளாதேம்மா, முதல்ல தேதியைப் பாரு” என்றார். ஒருவருடைய பெயர் ஒரு மடலில் இடம்பெற எத்தனையோ வழிகள் உண்டு. வேறு இருவர் அவரைப் பற்றிப் பேசியிருக்கலாம், யாரோ ஒரு உதவியாளர் நகல் அனுப்பியிருக்கலாம். ஆனால் அந்தத் தேதியில் எழுதியவருக்கு என்ன தெரிந்திருந்தது என்பதுதான் வழக்குக்குத் தேவையான கேள்வி என்று அவர் பொறுமையாக விளக்கினார்.

2025 நவம்பர் 12 அன்று, அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் மேற்பார்வைக் குழு, சிறுமிகளைப் பாலியல் கடத்தலுக்கு உள்ளாக்கியதாகக் குற்றம் சாட்டப்பட்டு 2019இல் சிறையில் இறந்த அமெரிக்க நிதியாளர் ஜெஃப்ரி எப்ஸ்டீனின் சொத்து நிர்வாகிகளிடமிருந்து பெற்ற 20,000க்கும் மேற்பட்ட பக்கங்களை வெளியிட்டபோது நான் அந்த வேலையை விட்டிருந்தேன். ஆனாலும் பழைய பழக்கம் விடவில்லை. உலகமெங்கும் எல்லோரும் பெயர்களைத் தேடிக்கொண்டிருந்தபோது நான் முதலில் ஒரு தாளில் கோடு இழுத்து, அதன் நடுவே 2008 ஜூன் 30 என்று எழுதிக்கொண்டேன். சிறுமி ஒருவரைப் பாலியல் தொழிலில் ஈடுபடுத்தியது உள்ளிட்ட குற்றங்களை எப்ஸ்டீன் ஃப்ளோரிடா நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்ட நாள் அது. 18 மாதத் தண்டனையில் சுமார் 13 மாதங்களே சிறையில் இருந்தார்; அதிலும் பெரும்பகுதி, பகலில் தன் அலுவலகத்துக்குப் போய்வர அனுமதிக்கப்பட்டிருந்தார். அந்த நாளுக்குப் பிறகு அவருக்கு எழுதிய எவரும், பாலியல் குற்றவாளி என்று அரசுப் பதிவேட்டில் ஏறிய ஒருவருக்கே எழுதினார்கள்.

அந்தத் தேதிக்கு இடப்பக்கம் இருப்பவற்றுக்குப் பல விளக்கங்கள் சொல்லலாம். வலப்பக்கம்தான் என்னை உறங்கவிடவில்லை. ஹார்வர்டின் முன்னாள் தலைவரும் அமெரிக்காவின் முன்னாள் நிதியமைச்சருமான லாரி சம்மர்ஸின் மடல்கள், எப்ஸ்டீன் மறுபடி கைதான 2019 ஜூலை 6க்கு முந்தைய நாள் வரை நீண்டன. 2010 டிசம்பரோடு தொடர்பை முறித்துக்கொண்டதாகத் தொலைக்காட்சியில் சொன்ன, அப்போதைய பிரிட்டன் இளவரசர் ஆண்ட்ரூ, 2011 பிப்ரவரி 28 அன்று ‘இதில் நாம் ஒன்றாகவே இருக்கிறோம்’ என்ற பொருளில் எழுதிய மடல் வெளிவந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் வர்த்தக ஆணையராக இருந்த பீட்டர் மாண்டல்சன், அந்தத் தேதிக்குச் சற்றே இடப்பக்கமாக, நண்பர் சிறைக்குப் போகவிருந்த நேரத்தில், விரைவில் விடுதலை பெறப் போராடும்படி 2008இல் அவருக்கு எழுதியிருந்தார். அது வெளியானதும் 2025 செப்டம்பர் 11 அன்று அமெரிக்காவுக்கான பிரிட்டன் தூதர் பதவியிலிருந்து நீக்கப்பட்டார்.

எங்கள் தொழிலில் இருந்தவர்கள் ஊன்றிப் படிக்க வேண்டியது ஜெஸ் ஸ்டேலியின் வழக்கு. ஜேபி மார்கன் வங்கியின் உயர்மட்டத்தில் இருந்தபோது, 2008க்கும் 2012க்கும் இடையே, அவரும் எப்ஸ்டீனும் சுமார் 1,200 மடல்களைப் பரிமாறிக்கொண்டார்கள். வங்கி கொடுத்த முகவரியிலிருந்தே அவை போயின, வங்கியின் சேமிப்பில் அப்படியே தங்கின. பிறகு ஸ்டேலி பார்க்லேஸ் வங்கியின் தலைமை நிர்வாகியானார். 2019இல் நிதி நிறுவனங்களைக் கண்காணிக்கும் பிரிட்டனின் நிதி நடத்தை ஆணையம் விளக்கம் கேட்டபோது, அவருக்கும் எப்ஸ்டீனுக்கும் நெருங்கிய உறவு இல்லை என்றும், அவர் பார்க்லேஸில் சேர்வதற்கு வெகுகாலம் முன்பே தொடர்பு முடிந்துவிட்டது என்றும் பார்க்லேஸ் ஒரு கடிதம் அனுப்பியது. அனுப்புவதற்கு முன் ஸ்டேலி அதற்கு ஒப்புதல் அளித்திருந்தார். பழைய மடல்களிலோ எப்ஸ்டீனைத் தன் மிக ஆழமான, மிகவும் போற்றத்தக்க நண்பர்களில் ஒருவர் என்று அவரே குறிப்பிட்டிருந்தார். 2015 அக்டோபர் 28 அன்று அவருடைய நியமனம் அறிவிக்கப்படுவதற்குச் சில நாட்கள் முன்பு வரை தொடர்பு இருந்ததையும் ஆணையம் கண்டறிந்தது. 2023இல் 18 லட்சம் பவுண்டு அபராதமும், நிதித்துறையில் உயர்பதவி வகிக்கத் தடையும் விதித்தது. 2025 ஜூனில், மேல்முறையீட்டை விசாரித்த தீர்ப்பாயம் அபராதத்தை 11 லட்சமாகக் குறைத்தாலும் தடையை உறுதிசெய்தது.

எப்ஸ்டீனின் குற்றங்கள் தனக்குத் தெரியாது என்று ஸ்டேலி தொடர்ந்து சொல்லிவருகிறார் என்பதையும் இங்கே எழுத வேண்டும். ஆணையமும் அந்தக் கேள்விக்குள் போகவில்லை. கடிதம் சொன்னதையும் மடல்களின் தேதிகள் சொன்னதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தது, அவ்வளவுதான். இதைப் போன்ற வேலையை எத்தனையோ இரவு ஷிஃப்ட்களில் செய்தவள் என்ற முறையில், அந்த முடிவைப் படித்தபோது எனக்கு மரியாதை பிறந்தது.

எப்ஸ்டீன் பெரும்பாலும் ஓரிரு வரிகளில், எழுத்துப்பிழைகளோடு, நிறுத்தற்குறிகளைப் பொருட்படுத்தாமல் எழுதினார். அறிமுகம் கேட்பதும் செய்துவைப்பதும், ஆலோசனை சொல்வதும், இருக்கும் ஊரை விசாரிப்பதுமாகவே பல மடல்கள் இருக்கின்றன. அதிகாரத்தோடான உறவு ஒரே நாளில் வாங்கப்படுவதில்லை. இப்படிச் சிறுசிறு உபகாரங்களாகப் பின்னப்படுகிறது. தனித்தனியாகப் பிரித்துக் கொடுத்தால், இவற்றில் பாதிக்கு நானே ‘தொடர்பில்லாதது’ என்று டேக் போட்டிருப்பேன். தேதி வரிசையில் அடுக்கிப் படித்தால்தான் நெசவு தெரிகிறது.

ஆனால் பெயரைப் பார்த்தே ஆக வேண்டிய ஓர் இடம் உண்டு என்பதையும் அதே டீம் லீட்தான் கற்றுக்கொடுத்தார். பாதிக்கப்பட்டவர்களின் பெயரை மறைக்கும் வேலை அது. சபைக் குழு வெளியிட்ட பக்கங்களில் பல பெண்களின் பெயர்கள் மறைக்கப்படாமலே வந்துவிட்டன என்று அவர்களின் வழக்கறிஞர்கள் நியூயார்க் நீதிபதியிடம் முறையிட்டார்கள். 2026 ஜனவரி 30 அன்று அமெரிக்க அரசின் நீதித்துறை 30 லட்சத்துக்கும் மேற்பட்ட பக்கங்களை வெளியிட்டபோதும் இதே தவறு நேர்ந்து, ஆயிரக்கணக்கான ஆவணங்களைத் திரும்பப் பெற வேண்டியிருந்தது. செல்வாக்குள்ளவர்களின் பெயர்களை வெளிக்கொணரப் பல ஆண்டுகள் போராடிய பெண்கள், தங்கள் பெயரையே அங்கே கண்டார்கள்.

இதை எண்ணி என் கை நடுங்கியதற்குக் காரணம் உண்டு. வேலையில் சேர்ந்த இரண்டாம் ஆண்டில், வேறொரு வழக்கில், ஒரு சிறுமியின் பெயர்மீது கறுப்புப் பட்டை போட்டுவிட்டு அடுத்த ஆவணத்துக்குப் போய்விட்டேன். பட்டைக்கு அடியில், தேடினால் கிடைக்கும் எழுத்தாக அந்தப் பெயர் அப்படியே இருந்தது. வெளியே போவதற்கு முன் தரச் சோதனையில் அகப்பட்டது. டீம் லீட் கடிந்துகொள்ளவில்லை. என் பெயரில் இருந்த தொகுப்பு முழுவதையும் மறுபடி திறந்து கொடுத்துவிட்டு, பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். விடியும் வரை இருவரும் படித்தோம். அதே பெயர், ஒரு மடலோடு இணைத்திருந்த படக்கோப்பின் தலைப்பிலும் இருந்தது.