பிப் செக் காட்டிய இரண்டு வரிகள்

2024 ஜூன் 16 அன்று, பைத்தான் மொழியில் எண் கணக்குகளுக்குப் பயன்படும் நம்பை (NumPy) பேக்கேஜின் 2.0 பதிப்பு வெளிவந்தது. வந்த சில நாட்களிலேயே என் லேப்டாப்பில் அப்கிரேட் செய்துவிட்டேன். திரையில் சிவப்பாகச் சில வரிகள் ஓடின. கடைசியில் இன்ஸ்டால் ஆகிவிட்டது என்று வந்ததால் மேலே போய்ப் படிக்கவில்லை.

மறுநாள் காலை, மழையளவு அறிக்கை தயாரிக்கும் ஸ்கிரிப்ட் முதல் வரியிலேயே நின்றது. நம்பையின் மேல் கட்டப்பட்ட, அட்டவணைத் தரவைக் கையாளும் பாண்டாஸ் (pandas) பேக்கேஜை இம்போர்ட் செய்யும் வரி அது. நம்பையின் டிடைப் (dtype, தரவு வகையைக் குறிக்கும் உள் அமைப்பு) அளவு மாறியிருக்கிறது, எதிர்பார்த்தது 96, கிடைத்தது 88 என்று பிழைச் செய்தி.

பைத்தான் பேக்கேஜ்களை இன்ஸ்டால் செய்யும் கருவி பிப் (pip). இன்ஸ்டால் ஆனவை ஒன்றுக்கொன்று பொருந்துகின்றனவா என்று பார்க்கும் அதன் கட்டளை பிப் செக். உடனே அதை ஓட்டினேன். சிக்கல் ஒன்றுமில்லை என்று பதில் வந்தது. அதை நம்பி அரை மணி நேரம் வேறு எங்கெங்கோ தேடினேன். அப்புறம்தான் தெரிந்தது, நான் ஓட்டியது கணினியோடு வந்த பைத்தானின் பிப். என் வேலை நடப்பதோ தனியாக வைத்திருக்கும் விர்ச்சுவல் என்விரான்மென்டில், அதாவது தனக்கென்று பேக்கேஜ்கள் உள்ள தனிப் பைத்தான் சூழலில். அதை ஆக்டிவேட் செய்துவிட்டு, ‘பைத்தான் -எம் பிப் செக்’ என்று அடித்தேன். இப்படி அடித்தால் ஸ்கிரிப்டை ஓட்டும் அதே பைத்தானின் பேக்கேஜ்களைத்தான் பார்க்கும்.

இந்த முறை இரண்டு வரிகள் வந்தன. அறிவியல் கணக்குகளுக்கான சைபை (SciPy) 1.11.4-க்கு 1.28-க்குக் கீழான நம்பை வேண்டும், இருப்பது 2.0.0. பைத்தான் நிரலை வேகமாக ஓட்டும் நம்பா (Numba) 0.58.1-க்கு 1.27-க்குக் கீழான நம்பை வேண்டும். சரி, விழுந்தது பாண்டாஸ் ஆயிற்றே, அதன் பெயரைக் காணோமே?

பாண்டாஸ் 2.0.3 தனக்கு எந்தெந்தப் பேக்கேஜ் வேண்டும் என்று எழுதி வைத்திருக்கும் மெட்டாடேட்டா கோப்பைத் திறந்து பார்த்தேன். பைத்தான் 3.10-க்கு நம்பை 1.21.0 அல்லது அதற்கு மேல் என்று மட்டும் இருந்தது. மேல் வரம்பு எழுதவே இல்லை. 2.0.0 என்பது 1.21.0-ஐ விடப் பெரியதுதானே, கணக்கு சரியாகிவிட்டது. ஆனால் அந்தப் பாண்டாஸ் பழைய நம்பையை வைத்து கம்பைல் செய்யப்பட்டது, அதாவது இயந்திரக் குறியீடாக மாற்றப்பட்டது. 2.0-இல் உள்ளமைப்பு மாறியதால் இரண்டும் ஒட்டவில்லை. பிப் செக் எழுதி வைத்திருப்பதை ஒப்பிட்டுப் பார்க்குமே தவிர, எதையும் ஓட்டிப் பார்க்காது.

முந்தைய நாள் ஓடிய சிவப்பு வரிகளும் இப்போது விளங்கின. எந்தப் பதிப்புகளை இன்ஸ்டால் செய்வது என்று முடிவு செய்யும் பகுதி ரிசால்வர். 2020-இல் பிப் 20.3-உடன் வந்த புதிய ரிசால்வர், நாம் கேட்கும் பேக்கேஜ்களுக்குள் முரண் இருந்தால் இன்ஸ்டாலை நிறுத்திவிடும். ஏற்கெனவே இருக்கும் வேறொன்று உடைந்தால் எச்சரித்துவிட்டு இன்ஸ்டால் செய்துவிடும். சைபையும் நம்பாவும் அன்றே அந்த எச்சரிக்கையில் இருந்திருக்கின்றன.

பாண்டாஸை 2.2.2-க்கு ஏற்றியிருக்கலாம், நம்பை 2.0-ஓடு பொருந்தும் முதல் வெளியீடு அதுதான். ஆனால் அப்போது சைபை, நம்பா எல்லாவற்றையும் சேர்த்து மாற்ற வேண்டிவரும். அறிக்கைக்கு ஆட்கள் காத்திருந்தார்கள். நம்பையை 1.26.4-க்கு இறக்கினேன். பதிப்பு வரம்புகளைப் பிப்புக்குச் சொல்லும் கன்ஸ்ட்ரெயின்ட்ஸ் கோப்பில், நம்பை 2-க்குக் கீழே என்று ஒரு வரி சேர்த்தேன்.

முரண் இருந்தால் பிப் செக், தோல்வி என்று சொல்லும் 1 என்ற எக்ஸிட் கோடுடன் முடியும், அதனால் ஸ்கிரிப்டைத் தயார் செய்யும் தானியங்கிப் படிகளில் (பில்டில்) அதைப் போட்டால் வேலை அங்கேயே நின்றுவிடும். போட்டுவிட்டேன். அதன் கீழேயே பாண்டாஸ், சைபை, நம்பா மூன்றையும் இம்போர்ட் செய்து பார்க்கும் வரியையும் சேர்த்திருக்கிறேன்.