பேஸ்மென்ட்ல ஒரு மிருதங்க வகுப்பு – டொராண்டோ நாட்குறிப்பு

2025 ஜனவரி 12, ஞாயிறு

காலைல பேஸ்மென்ட் லைட்டைப் போட்டதும் கண்ணுல பட்டது தரைல கிடந்த கறுப்புச் சில்லு. என்னோட அஞ்சு கட்டை சுருதி மிருதங்கம், வலந்தலைல, அதாவது வலது கைப் பக்கத் தோல்ல, கரணைங்கிற நடுக் கறுப்புப் பூச்சு ஓரமா பேந்துருச்சு. ராத்திரி பூரா ஹீட்டர் ஓடிருக்கு, வெளில மைனஸ் 14, ஈரப்பதம் காட்டுற சின்ன மீட்டர்ல 19னு நிக்குது. எங்க ஊர் தஞ்சாவூர்ல ஐப்பசி மழைல தோல் ஊறிப்போய் சுருதி இறங்கிடும், கல்லும் புள்ளுங்கிற மரக்கட்டையும் வச்சு அடிச்சு ஏத்துறதுக்குள்ள தோள்பட்டை விட்டுப்போகும். இங்க அப்படியே நேர்மாறு, தோல் காஞ்சு இழுத்துக்கிட்டு சுருதி தானா ஏறிடுது, நான் இறக்கினா மறுநாள் மறுபடி ஏறுது, இந்த இழுபறிய கரணை எத்தனை நாள் தாங்கும்? சோறும் கிட்டான் கல்லுப் பொடியும் பிசைஞ்சு, ஒவ்வொரு பூச்சா வச்சு, கல்லால தேய்ச்சுத் தேய்ச்சு ஏத்தினது அது. ஒரு ஆளோட அரை நாள் உழைப்பு என் கையில சில்லா கிடக்கு. மனசு கேக்கல.

புதுசா ஒரு பையன் சேர்ந்தான், ஒன்பது வயசு. பெற்றோருக்கு யாழ்ப்பாணம், பையன் பிறந்தது ஸ்கார்பரோல. தமிழ் சொன்னாப் புரியும், பதில் இங்கிலீஷ்ல வரும். முதல் பாடம் த தி தொம் நம்ங்கிற அடிப்படைச் சொற்கள். ஒரு மணி நேரம் அது மட்டும்தான்.

ஜனவரி 17, வெள்ளி, ராத்திரி

நாளைக்குத் திருவையாறுல தியாகராஜ ஆராதனை, அங்க காலை 9 மணின்னா நமக்கு இன்னைக்கு ராத்திரி பத்தரை. பெரிய பசங்க ரெண்டு பேர் வந்திருந்தாங்க, ஒருத்தியோட அம்மா இடியாப்பமும் சொதியும் கட்டிக் கொடுத்து விட்டிருந்தாங்க, சாப்பிட்டுட்டு லேப்டாப்பை டிவில மாட்டி உக்காந்தோம். நாட்டைல ஆரம்பிச்சு கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீன்னு அஞ்சு ராகத்துல தியாகராஜரோட பஞ்சரத்ன கீர்த்தனை அஞ்சுமே ஆதி தாளம்தான். வாசிக்க வேணாம், முடியிற வரைக்கும் கையில தாளம் மட்டும் போடுங்கன்னேன். மூணாவது கீர்த்தனைல ஒருத்தனுக்கு காலப்பிரமாணம், அதாவது தாளத்தோட வேகம், ஓட ஆரம்பிச்சது, நான் ஒண்ணும் சொல்லல, அவனே கேட்டுப் பிடிச்சுக்கிட்டான். தியாகராஜர் 1847ல சமாதியான இடத்துல, காவேரிக் கரையில, இருபது மிருதங்கத்துக்கு நடுவுல நெருக்கியடிச்சு உக்காந்து வாசிச்ச வருஷங்கள் எல்லாம் ஞாபகத்துக்கு வந்து, பசங்க போனப்புறம் ரொம்ப நேரம் தூக்கம் வரல.

பிப்ரவரி 16, ஞாயிறு

பனி. கதவையே தள்ள முடியல, வகுப்பு எல்லாம் ஜூம்ல. நான் போடுற தாளம் அங்க போய், அவங்க வாசிப்பு இங்க வர்றதுக்குள்ள அரை அட்சரம், அதாவது தாளத்துல அரை எண்ணிக்கை, பிந்திடுது, சேர்ந்து வாசிக்கிற பேச்சுக்கே இடமில்ல. அதனால மிருதங்கத்தைத் தள்ளி வச்சுட்டு, வாயால சொல்ற வெறும் சொல்லு. நான் ஒரு ஆவர்த்தனம், அதாவது தாளத்தோட ஒரு சுத்து, சொல்லணும், அவங்க திருப்பிச் சொல்லணும். தகதிமி தகஜொணு. அப்புறம் ஏழு எண்ணிக்கைத் தாளமான மிஸ்ர சாப்புக்கு தகிட தகதிமி.

அந்த ஒன்பது வயசுப் பையன் முறை வந்தப்ப பின்னாடி அவனோட அம்மம்மா நாற்காலி போட்டு உக்காந்திருந்தாங்க. அவன் மூணு வேகத்துலயும் சொல்லி முடிச்சதும் அவங்க கேமரா பக்கம் குனிஞ்சு, "தம்பி, இவன் என்னோட தமிழ் கதைக்கிறதே இல்லை. இதை மட்டும் கடகடவெண்டு சொல்றான், பாருங்கோ"ன்னாங்க. குரல் தழுதழுத்துப் போச்சு. எனக்கும் என்ன சொல்றதுன்னு தெரியல, இன்னொருக்கா சொல்லுடான்னு அவனைச் சொல்ல வச்சேன், அம்மம்மாவுக்காக.

பிப்ரவரி 23, ஞாயிறு

இன்னைக்கு பாடமே ரவைதான். மிருதங்கம் கத்துக்க வர்ற பசங்களுக்கு வாத்தியாரே தொப்பில, அதாவது இடது கைப் பக்கத் தோல்ல, ரவை ஒட்டிக் கொடுத்து, வாத்தியாரே சுருதி சேத்துக் கொடுத்தா, அந்த வாத்தியம் அவங்களோடதா ஆகாது. இது என் தீர்மானமான எண்ணம். தமிழ்க் கடைல வாங்கின ரவைய உள்ளங்கையில கொஞ்சம் எடுத்துக்கணும், தண்ணி சொட்டு சொட்டா விட்டு, சப்பாத்தி மாவை விடக் கொஞ்சம் இளக்கமா, விரலை எடுத்தா நூல் மாதிரி ஒட்டிக்கிட்டு வர்ற பதம் வரைக்கும் பிசையணும். தொப்பி நடுவுல ஈரத்தைத் தொட்டுத் தடவிட்டு வட்டமா அப்பணும், நடுவுல தடிப்பு, ஓரம் மெலிசு. குறைவா வச்சா தொப்பில வர்ற தொம் வத்தலா கேக்கும், கூடுதலா வச்சா அடைச்சுக்கும். இங்க காத்துல ஈரமே இல்லாததால பதினஞ்சு நிமிஷத்துல காஞ்சு உதிர ஆரம்பிச்சிடுது, நடுநடுவுல விரலை நனைச்சுத் தொட்டுக்கணும்.

பையன் கை முழுக்க ரவை, கார்ப்பெட்லயும் ரவை. மூணு தடவை எடுத்து எடுத்து வச்சான். நாலாவது தடவை தொம் கொஞ்சம் எழும்பிச்சு.

மார்ச் 2, ஞாயிறு

ஒரு அம்மா வந்து, "மாஸ்டர், அடுத்த வருஷம் இவளுக்கு அரங்கேற்றம் வைப்பமே? மண்டபம் இப்பவே புக் பண்ணினாத்தான் கிடைக்கும்"னு கேட்டாங்க. நாலு வருஷம்தான் ஆச்சு கத்துக்க ஆரம்பிச்சு. அவங்க ஆசை தப்பில்ல, சொந்தபந்தமெல்லாம் பத்து நாட்டுல சிதறிக் கிடக்குற குடும்பத்துக்கு எல்லாரும் ஒண்ணு கூடுற நாள் அது. ஆனா அந்தப் பொண்ணுக்கு மிருதங்கம் தனியா வாசிக்கிற தனி ஆவர்த்தனத்துல, முடிப்புக்கு வர்ற கோர்வையெல்லாம் மனப்பாடம், பாட்டுக்கு வாசிக்கத்தான் இன்னும் வரல. பாடுறவங்க வாயப் பாத்து, எங்க அடங்கி வாசிக்கணும், எங்க விடணும்னு தெரியறதுக்கு வருஷம் வேணும். இன்னும் மூணு வருஷம் பொறுங்கம்மான்னேன். முகம் வாடிடுச்சு. வேற வாத்தியார்கிட்ட போனாலும் போவாங்க, சம்பளமும் குறையும், ஆனா சரின்னு சொல்ல நாக்கு வரல.

இந்த ஊர்ல மிருதங்கம் ஒண்ணும் புதுசில்ல. 1971லயே யார்க் யுனிவர்சிட்டில பாடகர் ஜான் ஹிக்கின்ஸும் மிருதங்க வித்வான் திருச்சி சங்கரனும் சேர்ந்து கர்நாடக சங்கீதம் சொல்லிக் கொடுக்க ஆரம்பிச்சாச்சு. மிருதங்க மேதை பழனி சுப்பிரமணிய பிள்ளையோட சிஷ்யர் சங்கரன், இந்தக் குளிர்ல அத்தனை வருஷம் அந்த நாதத்தை விடாம வச்சிருந்தாரேன்னு நினைச்சாலே எனக்கு தெம்பு வரும்.

ராத்திரி ஊருக்கு வீடியோ கால் போட்டு மிருதங்க வேலை செய்ற அண்ணன்கிட்ட பேந்த கரணையக் காட்டினேன். "தோல் தட்டு நல்லாருக்கு தம்பி, கரணைய மட்டும் எடுத்துட்டுப் புதுசா போட்டுடலாம், ஆனா அது என் கைக்கு வரணுமே"ன்னாரு. மிருதங்க மேதை பாலக்காடு மணி ஐயர் பேரு உலகம் பூரா தெரியும், அவருக்கு மிருதங்கம் செஞ்சு கொடுத்த தஞ்சாவூர் பர்லாந்து பேரு எத்தனை பேருக்குத் தெரியும்? மாட்டுத் தோல், ஆட்டுத் தோல், எருமைத் தோல்னு எது எங்க பேசும்னு தொட்டுப் பாத்தே சொல்ற கை அது. ஏப்ரல்ல ஊருக்குப் போற ஒருத்தர்கிட்ட மிருதங்கத்தைக் கொடுத்து விடுறதா ஏற்பாடு.

மார்ச் 9, ஞாயிறு

கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளின நாள், பாதிப் பேர் லேட். அந்தப் பையனும் அரக்கப் பரக்க ஓடி வந்தான், ஆனா டப்பால ரவை கொண்டு வந்திருந்தான், வீட்டுலயே பிசைஞ்சது, மேல ஈரத்துணி மூடி. அம்மம்மா சொல்லிக் கொடுத்த யோசனையாம். நான் பக்கத்துல போகாம நின்னு பாத்தேன். தொப்பிய நனைச்சான், அப்பினான், கட்டை விரலால ஓரத்தை மெலிசாக்கினான், ஒரு தட்டு தட்டினான், தலையச் சாய்ச்சுக் கேட்டான்.

"சேர், இன்னும் கொஞ்சம் வேணும்"னான். தமிழ்லயே.

சரிதான், கொஞ்சம் வேண்டித்தான் இருந்தது. ஒரு கிள்ளு எடுத்து நடுவுல வச்சு அழுத்திட்டு திரும்பத் தட்டினான், தொம் பேஸ்மென்ட் பூரா நிறைஞ்சு நின்னுது.