எருக்குழிப் புழுவின் நரம்பு வரைபடம்

ஆய்வுக்கான புழுக்களை கோபாலசமுத்திரத்தில் எங்கள் எருக்குழியிலிருந்தே எடுக்கிறேன். ஐசீனியா ஃபெட்டிடா, மண்புழு உரத்துக்கு வளர்ப்பார்களே, அதேதான். மூளை மூன்றாம் வளையத்தில், தொண்டைக்கு மேலே. அங்கிருந்து நரம்பு இருபுறமும் தொண்டையைச் சுற்றி இறங்கி, கீழே ஒரு முடிச்சில் கூடி, வயிற்றுப்பக்கமாக வால்வரை போகும். வளையத்துக்கொரு முடிச்சு, பிச்சிப்பூச் சரம் போல.

எந்த முடிச்சில் எந்த நியூரோபெப்டைடு, அதாவது நரம்பு செல்கள் சேதி சொல்லும் குட்டிப் புரதத் துண்டு? மெல்லிசாகச் சீவி, அதைத் தேடி ஒட்டும் எதிர்ப்பொருளும் ஒளிரும் சாயமும் ஏற்றிப் பார்க்க வேண்டும். மின்னுவதையெல்லாம் நம்பிவிட முடியாது. எஃப்எம்ஆர்எஃப்அமைடு என்ற நியூரோபெப்டைடுக்கான எதிர்ப்பொருள், அமினோ அமிலச் சங்கிலியின் வால்நுனி ஒத்த பங்காளிப் பெப்டைடுகளிலும் ஒட்டும். அதனால் 'அதைப் போன்றது' என்றுதான் எழுதுவோம். எனக்கு இந்த அடக்கம் பிடிக்கும்.

என் செல்லம் அன்னெட்டோசின். 1994இல் இந்தப் புழுவில் கண்டுபிடித்தார்கள். 9 அமினோ அமிலங்கள், நம் ஆக்சிடோசினுக்குச் சொந்தம். ஊசியில் ஏற்றினால் புழு முட்டையிடும் போக்கைக் காட்டுகிறது.

"ஆச்சி, பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில ஏத்துவாகள்லா, அதுக்குத் தங்கச்சி இது" என்றேன்.

"போடி, புழுவுக்குப் பேறுகாலமாக்கும்!"

அன்னெட்டோசின் உருவாகும் செல்கள் தொண்டைக்குக் கீழுள்ள முடிச்சில் இருக்கின்றன. அதை வாங்கும் ஏற்பியோ, உடலில் தடித்த வளையமாகத் தெரியும் கழுத்துப் பட்டைப் பகுதியின் கழிவுக் குழல்களில். இடையில் இத்தனை வளையம்.